அம்மாயி கேட்ட துண்டு

வேதாகமத்தின் ஆதியாகமம் 15-ஆம் அதிகாரத்தை நான் முதன்முதலாகச் சத்தம் போட்டு வாசித்தது என் அம்மாயிக்காக, அம்மாவின் அம்மாவுக்காக. அப்போது எனக்குப் பதினான்கு வயது. இலங்கை மலையகத்தில், அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் நடுவே ஒரு தேயிலைத் தோட்டம். மேட்டு லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், கடைசிக் காம்பரா. லயத்துக்கு மின்சாரம் வந்திருக்கவில்லை. அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் குப்பி விளக்கை மாட்டிவிட்டு, தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி வாசிக்க வேண்டும். அம்மாயிக்கு எழுத்து தெரியாது. நாள் முழுக்க மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்து, படங்கைக் கழற்றிக் காயப் போட்டுவிட்டு, மாவைப் பிசைந்துகொண்டே "இன்னிக்கு எந்த அதிகாரம்?" என்று கேட்பார். ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம். எங்கள் இரண்டு பேருக்குள்ளும் இருந்த ஏற்பாடு அது.

அன்று "துண்டங்களின் நடுவே" என்ற இடம் வந்தபோது, ரொட்டியைப் புரட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"என்ன துண்டு?"

"அந்தத் துண்டு இல்ல அம்மாயி. ஆபிராம் கிடாரி, ஆடெல்லாம் ரெண்டா வெட்டி எதிரெதிரா வச்சிருக்காருல்ல, அது."

"அது நடுவுல யாரு போறது?"

"கர்த்தர். நெருப்பு மாதிரி."

"ஆபிராம் போகலையா?"

"அவர் தூங்கிட்டாரு."

அம்மாயி ரொட்டியை எடுத்துத் தட்டில் போட்டார். அடுத்ததைத் தட்டிக் கல்லில் போட்டார். அப்புறம் கேட்டார்: "தூங்குறவன் பேர்ல எப்படிப்பா கடன் எழுத முடியும்?"

நான் பதில் சொல்லவில்லை. கேள்வியே எனக்கு விளங்கவில்லை. பசி வேறு.

மலையகத்தில் வளர்ந்தவர்களுக்குத் துண்டு என்றால் என்னவென்று பாட்டன் பாட்டிமார் சொல்லியிருப்பார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கங்காணி இந்தியாவுக்குப் போய் ஊரில் ஆள் கட்டுவார். ஊர்க்கடனை அடைக்க, வழிச்செலவுக்கு, கப்பலுக்கு என்று கொடுக்கிற முன்பணமெல்லாம் வருகிறவன் பேரில் கடனாக ஏறும். தோட்டத்தில் முதல் செடியைத் தொடுவதற்கு முன்பே அவன் கடன்காரன். வாங்குகிற அரிசியும் அந்தக் கணக்கில்தான் சேரும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் தோட்டத்தை நடத்துகிற துரை ஒரு துண்டு எழுதிக் கொடுக்க வேண்டும்: இத்தனை ஆட்கள், இவ்வளவு கடன், இதைக் கட்டினால் விடுகிறேன். புதுத் தோட்டம் பணத்தைக் கட்டும். கடன் தீராது, புதுத் தோட்டத்துக் கணக்குக்கு மாறும், அவ்வளவுதான். 1921-இல் சட்டம் போட்டு இந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள். அம்மாயி பிறந்தது அதற்குப் பதினேழு வருடம் கழித்து. ஆனால் அவருடைய தாத்தா துண்டோடு இரண்டு தோட்டம் மாறியவர். துண்டு கங்காணி கையில் இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கடன்பட்டவருக்குத் தெரியாது. "எங்க தாத்தா பேர் ஒரு காகிதத்துல இருந்துச்சு. அதை அவர் பார்த்ததே இல்ல" என்று அம்மாயி சொல்வார்.

ஆகவே துண்டு என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் கேட்டது சரியான கேள்விதான். துண்டு என்று ஒன்று இருந்தால் ஒரு கடன் இருக்கிறது. கடன் இருந்தால் அது யாரோ ஒருவன் பேரில் இருக்கிறது. யார் பேரில்?

அந்த ராத்திரியில் நடந்தது என்னவென்று வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிதானமாகப் பாருங்கள். ஆபிராமுக்குப் பிள்ளை இல்லை, நிலமும் இல்லை. வானத்து நட்சத்திரங்களை எண்ணச் சொல்லி, உன் சந்ததி இப்படி இருக்கும் என்கிறார் தேவன். ஆபிராம் விசுவாசிக்கிறார். நிலத்தைப் பற்றிய பேச்சு வந்ததும் மட்டும், அது எனக்குக் கிடைக்கும் என்று நான் எதினால் அறிவேன் என்று கேட்டுவிடுகிறார். அந்தக் கேள்விக்காகத் தேவன் கோபப்படவில்லை. மூன்று வயதுக் கிடாரி, மூன்று வயது வெள்ளாடு, மூன்று வயது ஆட்டுக்கடா, ஒரு காட்டுப்புறா, ஒரு புறாக்குஞ்சு கொண்டுவா என்கிறார். பறவைகளை விட்டுவிட்டு மற்றவற்றை நடுவாகத் துண்டித்து, துண்டங்களை எதிரெதிராக வைக்கிறார் ஆபிராம். பிணந்தின்னிப் பறவைகள் இறங்குகின்றன. அவற்றை விரட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். பொழுது சாய்கிறபோது அயர்ந்த நித்திரை வருகிறது. திகிலும் காரிருளும் மூடுகின்றன. அப்புறம்தான் "புகைகிற சூளையும், அந்தத் துண்டங்களின் நடுவே கடந்துபோகிற அக்கினிஜுவாலையும்" தோன்றுகின்றன.

வெட்டி வைத்த மிருகத்தின் நடுவே நடப்பது அந்தக் காலத்தில் பயங்கரமான ஒரு சத்தியம். நான் வாக்கு மீறினால் எனக்கும் இப்படியே ஆகட்டும் என்பதுதான் அதன் அர்த்தம். எபிரெய மொழியில் உடன்படிக்கை பண்ணுவதற்கு 'வெட்டுதல்' என்றே சொல்கிறார்கள். பெரீத்தை, அதாவது உடன்படிக்கையை, வெட்டினார் என்பது அங்கே சாதாரணப் பேச்சு. சிரியாவில் அலெப்போவுக்குப் பக்கத்தில் செஃபீரே என்ற இடத்தில் கிடைத்த கி.மு. 8-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் இதே வழக்கத்தைப் பார்க்கலாம். அர்பாத் ஊர் ராஜாவான மத்தியேல் தன்னைவிட வலுவான ஒரு ராஜாவோடு பண்ணிய ஒப்பந்தம் அது. இந்தக் கன்றுக்குட்டி வெட்டப்படுவதுபோல மத்தியேலும் வெட்டப்படட்டும் என்று அதில் பொறித்திருக்கிறார்கள். சாபம் யார் தலையில் விழுகிறது என்று கவனியுங்கள். சின்னவன் தலையில். பெரிய ராஜா கேட்டு வாங்குகிறார், சின்ன ராஜா தலையைக் கொடுக்கிறார். மூவாயிரம் வருடமானாலும் எங்கள் ஊரில் யாருக்கும் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

ஆதியாகமத்தில் சின்னவன் தூங்குகிறான். பெரியவர் நடக்கிறார்.

எங்கள் லயங்களில் 'ஒப்பந்தம்' என்பது கசந்துபோன ஒரு சொல். 1948-இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30-ஆம் தேதி இரண்டு நாட்டுப் பிரதமர்களும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவைத்தார்கள். அந்த ஒன்றரை லட்சத்தையும் 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்களில் ஒருவரையும் கேட்கவில்லை. கொழுந்தை நிறுத்துப் பங்கு போடுவதுபோலப் பங்கு போட்டார்கள். அம்மாயியின் அக்கா குடும்பம் இந்தியாவுக்கு மனுப் போட்டது. என் தாத்தா, அம்மாயியின் புருஷன், இலங்கைக்குப் போட்டார். ஒரே லயத்தில், சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இருந்தவர்கள். 1971-இல் அக்கா குடும்பம் பண்டாரவளை ஸ்டேஷனில் கோச்சி ஏறியது. தலைமன்னார், கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், கடைசியில் கோத்தகிரி. மலையிலிருந்து கிளம்பிக் கடல் தாண்டி இன்னொரு மலைக்கு, அங்கேயும் தேயிலைக்கே போய்ச் சேர்ந்தார்கள்.

அவர்களால் அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. அது எங்கள் வீட்டுக்கு வந்தது. நடுவில் தேய்ந்து குழிவிழுந்த கல். குழவியின் ஒரு முனையில் சின்ன உடைசல். சம்பல் அரைக்கும்போது அந்த உடைந்த முனையை எப்போதும் தன் பக்கம் வைத்துக்கொள்வார் அம்மாயி. அக்கா அப்படித்தான் வைப்பாராம். இந்தியாவிலிருந்து நான்கு கடிதங்கள் வந்தன, அப்புறம் வரவில்லை. தாத்தாவின் மனுவோ பேரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது என்று திரும்பி வந்தது. பேரை எழுதியது தாத்தா இல்லை, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருவர். அந்த ஓர் எழுத்தைச் சரிபண்ண நடையாக நடந்தே அவர் காலம் போய்விட்டது. குடும்பத்துக்குப் பிரஜாவுரிமைப் பிரச்சினை முழுதாகத் தீர்ந்தது 2003-ஆம் வருடச் சட்டத்தோடுதான். தாத்தா அப்போது இல்லை.

பிறகு, சம்பளத்துக்காகக் கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் போட்ட கூட்டு ஒப்பந்தம். 1992-இல் தோட்டங்களைக் கம்பெனிகள் நிர்வகிக்கத் தொடங்கிய பிறகு, நெடுங்காலம் சம்பளம் என்றாலே இந்தப் பேச்சாகத்தான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் மேசையில் யார் யாரோ உட்காருவார்கள். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பிரட்டுக் களத்தில் நிற்கிறவர்களுக்கு ரேடியோவில்தான் செய்தி வரும்.

இப்படி ஒரு வீட்டில் வளர்ந்துவிட்டு, நான் எப்படி உடன்படிக்கை ஆராதனையில் மனம் ஒத்து நிற்பேன்?

நாங்கள் மெதடிஸ்த சபை. 1755 ஓகஸ்டில் லண்டனில் ஜோன் வெஸ்லி தம்முடைய ஆட்களைக் கூட்டி, ஏறக்குறைய நூறு வருடத்துக்கு முந்திய ஒரு பியூரிட்டன் போதகரின் வார்த்தைகளை வாசித்து, தேவனோடு உடன்படிக்கையைப் புதுப்பிக்கச் சொன்னார். 1814-இல் மெதடிஸ்த மிஷனரிமார் இலங்கைக்கு வந்தார்கள். அந்த ஆராதனையும் எங்கள் மலைக்கு ஏறி வந்தது. ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, பனி விலகாத காலை, ஸ்வெட்டரும் சால்வையுமாக எல்லாரும் எழுந்து நின்று சொல்வார்கள்: நான் இனி என்னுடையவன் அல்ல, உம்முடையவன். உமக்கு விருப்பமான வேலையில் என்னை வையும், உமக்கு விருப்பமானவர்களோடு என்னைச் சேர்த்து வையும். பாடுபட வையும். உமக்காக வேலையில் அமர்த்தப்பட்டாலும் சரி, ஒதுக்கி வைக்கப்பட்டாலும் சரி.

பத்தொன்பது வயதில் அந்த வரியில் என் வாய் நின்றுவிட்டது. வேலையில் அமர்த்துவது, ஒதுக்கி வைப்பது: இது துரை பேசுகிற பேச்சு. கொழுந்து குறைந்த நாளில் கிலோ சேராமல் அரைப் பேர், அதாவது அரைநாள் கூலி, போட்டு அனுப்புகிறார்களே, அந்த மொழி. தேவனிடமும் வந்து நாங்கள் கைநாட்டு வைக்க வேண்டுமா? பக்கத்தில் அம்மாயி மனப்பாடமாக, ஒரு வார்த்தை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. அவர் மேலேயும்தான். அதற்குப் பிறகு பல வருடங்கள், ஜனவரி மாதம் அந்த ஒரு ஞாயிறு மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லி நான் கோயிலுக்குப் போகவில்லை.

என்னைத் திருப்பிக் கொண்டுவந்தது எரேமியா 34. பிரசங்கங்களில் அதிகம் கேட்டிராத அதிகாரம். பாபிலோன் ராஜா எருசலேமை முற்றுகை போட்டிருக்கிறான். சிதேக்கியா ராஜாவும் பிரபுக்களும் பயந்துபோய், தங்களிடம் அடிமையாக வைத்திருந்த எபிரெய ஆட்களையெல்லாம் விடுதலை பண்ணுவதாக ஆலயத்தில் உடன்படிக்கை செய்கிறார்கள். கன்றுக்குட்டியை இரண்டாகத் துண்டித்து அதன் நடுவே நடக்கிறார்கள். விடுதலையும் பண்ணுகிறார்கள். எகிப்தின் சேனை வருகிறது என்று கேட்டு பாபிலோன் படை கொஞ்சம் விலகுகிறது. உடனே விட்ட ஆட்களை மறுபடி பிடித்து வேலைக்கு வைத்துக்கொள்கிறார்கள். ஆபத்து இருக்கிற வரைக்கும்தான் வாக்கு.

அதைக் கேட்டுத் தேவன் கொதிக்கிறார். என் நாமத்தைக் கனவீனப்படுத்தினீர்கள் என்கிறார். கன்றுக்குட்டியின் நடுவே நடந்தவர்களின் உடல்கள் ஆகாயத்துப் பறவைகளுக்கு இரையாகும் என்கிறார். பழைய பேருந்து ஒன்றில் எல்ல என்கிற ஊருக்கும் வெல்லவாயவுக்கும் நடுவே எங்கோ இதை வாசித்துக்கொண்டிருந்தபோது, ஆபிராம் விரட்டிக்கொண்டிருந்த பறவைகள் என் நினைவுக்கு வந்தன. அதே வெட்டிய கன்று, அதே துண்டங்கள், அதே பறவைகள். வேலைக்காரனுக்குக் கொடுத்த வாக்கை முதலாளி மீறுவதைத் தேவன் ஒரு கணக்குத் தகராறாகப் பார்க்கவில்லை. தம்மோடு செய்த உடன்படிக்கையை உடைத்ததாகவே எடுத்துக்கொள்கிறார். எங்கள் பெட்டிகளில் கிடக்கிற அத்தனை காகிதங்களுக்கும் பரலோகத்தில் ஒரு கோபம் இருக்கிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று எழுதிக் காட்ட முடியவில்லை.

அங்கிருந்து மறுபடி ஆதியாகமம் 15-க்குப் போனேன். என் சின்ன வயதில் அம்மாயி கேட்ட கேள்வியோடு போனேன். 1964-இலும் எங்களைக் கேட்காமல்தான் கையெழுத்துப் போட்டார்கள். ஆபிராமும் கையெழுத்துப் போடவில்லை; தூங்கினார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் 1964-இல் கையெழுத்துப் போட்டவர்கள் யாரும் கோச்சி ஏறவில்லை. ஆதியாகமத்தில் வாக்குக் கொடுத்தவரே துண்டங்களின் நடுவே நடந்தார். ஆபிரகாமுக்கு (ஆபிராமுக்குப் பின்னால் வந்த பெயர்) வாக்குப் பண்ணினபோது, ஆணையிடத் தம்மிலும் பெரியவர் ஒருவரும் இல்லாதபடியால் தேவன் தமது பேரிலேயே ஆணையிட்டார் என்று எபிரெயர் நிருபம் சொல்கிறது. தமது பேரில். அம்மாயி கேட்டதற்குப் பதில் அதுதான். தூங்குகிறவன் பேரில் எழுத முடியாது. அவர் தம் பேரில் எழுதிக்கொண்டார்.

ஒரு ஞாயிறு மத்தியானம் ஓடிப்போய் அம்மாயியிடம் இதைச் சொன்னேன். அப்போது அவர் பென்ஷன் எடுத்திருந்தார், கண் மங்கத் தொடங்கியிருந்தது. "அதுதானே நான் அன்னைக்கே கேட்டேன்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த அதிகாரத்திலேயே ஆபிராம் அவசரப்பட்டு ஆகாரிடம் போகிறார். சீனாய் மலையில் எல்லாவற்றையும் செய்வோம் என்று ஒரே குரலில் சொன்ன ஜனங்கள், மோசே இறங்கி வர நாற்பது நாள் பொறுக்காமல் கன்றுக்குட்டி வார்க்கிறார்கள். தாவீதின் கதை தெரிந்ததே. உடைப்பது எப்போதும் இந்தப் பக்கம்தான். கற்பலகைகள் உடைந்த பிறகு, முந்தினவைகளைப் போல இன்னும் இரண்டு வெட்டிக்கொண்டு வா, நான் எழுதுகிறேன் என்கிறார் தேவன். நகரமே சரிகிற காலத்தில் எரேமியா புது உடன்படிக்கையைப் பற்றிச் சொல்கிறார். இந்தத் தடவை கல்லில் இல்லை, இருதயத்தில். உண்மை என்று வேதம் தேவனைப் பற்றிச் சொல்கிறபோது, இந்த விடாப்பிடியைத்தான் சொல்கிறது என்று நினைக்கிறேன். நாம் உண்மையில்லாதவர்களாயிருந்தும் அவர் உண்மையுள்ளவராயிருக்கிறார், தம்மைத்தாமே மறுதலிக்க மாட்டார் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினதை இந்த வெளிச்சத்தில் ஒரு தடவை வாசித்துப் பாருங்கள்.

ஆனால் இது எல்லாக் கேள்விக்கும் மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். 2014 ஒக்டோபர் 29-ஆம் தேதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. மாற்று வீடுகள்தான் வரவில்லை. சபை வாலிபர்களோடு பாணும் போர்வையும் எடுத்துக்கொண்டு போனேன். ஜனங்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். வாசலில் ஒரு பெரியவர், கையில் தேநீர்க் கோப்பையோடு, குடிக்காமல் நின்றார். நாங்கள் கோயில்காரர்கள் என்று தெரிந்ததும் சொன்னார்: "தம்பி, மழை விட்டா வானவில்லு வரும்னு சொல்லுவாங்களே. அன்னைக்கும் வந்துச்சு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்து அம்மாயியிடம் சொன்னபோது, நோவாவோடு பண்ணின உடன்படிக்கையைப் பற்றி எனக்குள் ஓடிக்கொண்டிருந்த விளக்கங்களையும் சேர்த்துக் கொட்டினேன். பூமியை வெள்ளத்தால் இனி அழிப்பதில்லை என்பதுதான் வாக்கு. எச்சரிக்கையைக் கேட்டும் ஆட்களை அங்கேயே விட்டது மனுஷன். அம்மாயி கையை நீட்டி என்னை நிறுத்தினார். "நீ சொல்றது எல்லாம் சரிதான். அதைக் கொண்டுபோய் அந்த மனுஷன்கிட்ட பிரசங்கம் பண்ணிராத."

நான் பண்ணவில்லை. பின்னாளில் ஆதியாகமம் 9-இல் ஒரு வசனம் என்னைப் பிடித்துக்கொண்டது. வில் மேகத்தில் தோன்றும்போது, உடன்படிக்கையை நினைவுகூரும்படி அதை நான் நோக்கிப் பார்ப்பேன் என்கிறார் தேவன். நம்மைப் பார்க்கச் சொல்லவில்லை. தாம் பார்ப்பதாகச் சொல்கிறார். மீரியபெத்தையில் அன்று யாரும் அந்த வில்லைப் பார்த்து எதையும் நினைத்திருக்க முடியாது. பார்க்க வேண்டிய பொறுப்பு அவர்களுடையதாக இருக்கவில்லை. இதையும் நான் அந்தப் பெரியவரிடம் சொன்னதில்லை. ஆனால் நான் ஜெபம் பண்ணும்போது அவரைப் பற்றித் தேவனிடம் சொல்கிறேன்: நீர் பார்ப்பதாகச் சொன்னீரே.

உடன்படிக்கையின் ராத்திரியில் ஆபிராமுக்கு ஒளிவுமறைவில்லாமல் சொல்லப்பட்ட இன்னொன்றும் உண்டு. உன் சந்ததியார் தங்களுடையதல்லாத தேசத்திலே பரதேசிகளாயிருந்து, அந்தத் தேசத்தாரைச் சேவித்து, நானூறு வருஷம் உபத்திரவப்படுவார்கள். 2023-இல் மலையகம் எங்கள் ஆட்கள் வந்த இருநூறு வருடத்தை நினைவுகூர்ந்தபோது, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஆட்கள் நடந்து வந்தபோது, நான் இந்த வசனத்தைத்தான் நினைத்தேன். எங்களை இஸ்ரவேலர் என்று சொல்ல வரவில்லை. அந்த வாக்குத்தத்தம் யாருக்கோ அதை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். ஆனால் கஷ்டத்தை மறைத்து வாக்குக் கொடுக்காத தேவன் என்று தெரிகிறது. கங்காணி ஊரில் சொன்னது தேங்காயும் மாசிக் கருவாடும் தேயிலைக்கு அடியில் கிடக்கிறது என்று. இந்தத் தேவன் முதலிலேயே நானூறு வருஷம் என்று சொல்லிவிடுகிறார்.

நிலம் கேட்ட ஆபிரகாம் கடைசியில் கையில் வைத்திருந்தது மக்பேலாவில் ஒரு கல்லறைக் குகையும் அதைச் சேர்ந்த வயலும் மட்டும்தான். சாராளை அடக்கம் பண்ண, நானூறு சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்கினது. எங்களுக்கும் ஏழு பேர்ச் (பேர்ச் ஒரு நில அளவு) காணி என்கிற பேச்சு வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கிறது. ஐம்பது வருடத்துக்கு மேல் மலையில் கொழுந்து பறித்த அம்மாயி பேரில் ஒரு உறுதிப் பத்திரமும் இருந்ததில்லை. 2019 மார்ச்சில் அவரைத் தோட்டத்துக் கல்லறையில், கவ்வாத்து வெட்டின மலைக்கு ஓரமாக அடக்கம் பண்ணினோம். நிலத்தைப் பற்றி ஆபிரகாமுக்குக் கிடைத்த பதிலைவிடப் பெரிதாக ஒன்று எனக்கும் கிடைக்கவில்லை. கேட்பதை நான் நிறுத்தவும் இல்லை.

அவர் இறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு, அந்த வருடத்து உடன்படிக்கை ஆராதனை. நான் போயிருந்தேன், கொஞ்ச வருடங்களாகவே போகத் தொடங்கியிருந்தேன். ஒதுக்கி வைக்கப்பட்டாலும் சரி என்கிற வரியை இப்போது என்னால் சொல்ல முடிகிறது. முதலில் நடந்தவர் அவர் என்று தெரிந்த பிறகு, பின்னால் நடப்பது வேறு மாதிரி. அம்மாயியால் படி இறங்க முடியாது. ஆகவே ஆராதனை முடிந்ததும் போதகர் திருவிருந்தை எடுத்துக்கொண்டு லயத்துக்கு வந்தார். காம்பராவில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, வெள்ளைத் துணி விரித்தோம். அம்மா, நான், என் மகள், பக்கத்துக் காம்பரா அக்கா.

போதகர் சுருக்கமாகத்தான் வாசித்தார். இந்தப் பாத்திரம் உங்களுக்காகச் சிந்தப்படுகிற என்னுடைய இரத்தத்தினாலாகிய புதிய உடன்படிக்கை. லூக்கா சொல்கிறபடி பார்த்தால், இயேசு இதைச் சொன்ன அதே மேசையில்தான் சீஷர்களுக்குள் யார் பெரியவன் என்ற சண்டை. அதே ராத்திரியில் ஒலிவ மலையில் அவர் ஜெபித்துக்கொண்டிருந்தபோது அவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் மத்தியானம் பூமியெங்கும் இருள். அவர் தனியாக அதற்குள் போனார். வெட்டுண்ட துண்டங்களின் நடுவே நெருப்பாகப் போனவர், இந்தத் தடவை வெட்டுண்டவராகவே போனார். உடைத்ததெல்லாம் நாங்கள், மீறினால் எனக்கு ஆகட்டும் என்று அவர் சொன்னது அவர் மேல் விழுந்தது.

போதகர் அப்பத்தைப் பிட்டு அம்மாயியின் உள்ளங்கையில் வைத்தார். கொழுந்துக் கறை ஒருநாளும் முழுதாகப் போகாத கை. ஆள்காட்டி விரலில் வெடிப்புகள் கறுத்துக் கோடுகோடாக இருக்கும். மனப்பாடமாகச் சொல்லும் அந்த ஜெபத்தை இப்போது அவரால் பிடிக்க முடியவில்லை. நான் இனி என்னுடையவள் அல்ல என்று தொடங்கினார். பிறகு அக்காவின் பெயரைச் சொன்னார். பிறகு தலை சாய்ந்துவிட்டது. ஜெபத்தின் நடுவிலேயே தூங்கிவிட்டார்.

நான் தோளைத் தொட்டு எழுப்பப் போனேன். போதகர் தலையை அசைத்து வேண்டாம் என்றார். மீதியை அவரே மெதுவாக, அம்மாயியின் பெயரைச் சொல்லி வாசித்து முடித்தார். நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.

அரை மணி நேரம் கழித்து விழித்தார். மூடின கையைத் திறந்து அந்த அப்பத்துண்டைப் பார்த்தார். வாயில் போட்டுக்கொண்டு, கொஞ்சம் சாயத் தண்ணி இருக்கா என்று கேட்டார்.